பெயர் மாறியது, நிலம்?

கொடைக்கானல் ஏரியை 1863-ல் உருவாக்கியவர் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்கிறார்கள். 1872-ல் போட்ட நடைபாதைக்கு கோக்கரின் பெயர். மண் சுமந்தவர்களின், கல் உடைத்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

மேல்மலைக்குப் போனால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று தமிழ்ப் பெயர்கள். அதனால் அங்கே எல்லோரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1821-ல் ஆங்கிலேய அதிகாரி வார்டு பழனி மலையை அளக்க வருவதற்கு முன்பே அங்கு சாதி இருந்தது. மலைப் புலையர்கள் குன்னுவர்களின் அடிமைகளாக இருந்ததை நெல்சன் 1868-ல் வெளியான தன் மதுரை நூலில் பதிவு செய்தார். 'புலை' என்றால் தீட்டு, இழிவு. உழைத்த மக்களுக்கு அடுத்தவர் வைத்த வசவே சாதிப் பெயரானது. அரசின் பட்டியல் சாதி அட்டவணையில் இன்றும் அதே சொல்தான்.

வசவு ஊர்ப் பெயராவது இங்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1960 குளிர்கால ஒலிம்பிக் நடந்த பனிச்சறுக்கு மலையின் பெயர் 'ஸ்குவா வேலி'. 'ஸ்குவா' என்பது பழங்குடிப் பெண்களை இழிவுபடுத்தும் சொல். அந்த மண்ணின் பூர்வகுடிகள் வாஷோ மக்கள். எதிர்ப்பு தொடர்ந்தது. 2021-ல் அந்த விடுதி நிர்வாகம் 'பாலிசேட்ஸ் டாஹோ' என்று பெயரை மாற்றியது. அடுத்த ஆண்டு அமெரிக்க அரசு சுமார் 650 இடங்களின் பெயர்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்கியது. இது வெற்றிதான். ஆனால் பனிச்சறுக்கு வணிகம் இன்றும் தனியார் நிறுவனத்தின் கையில். மலை வாஷோ மக்களிடம் திரும்பவில்லை.

தமிழ்நாட்டில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரலில் அறிவித்தார். தெருக்கள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்ற அக்டோபரில் அரசாணை வந்தது. இதை வரவேற்போம். ஒரு பிள்ளை தன் முகவரியைக் கூசாமல் எழுத முடிவது சின்ன விஷயமல்ல.

ஆனால் பலகையை மாற்ற அரசுக்குச் செலவு குறைவு. பட்டா கொடுப்பதுதான் கடினம்.

தோழர்களே, அடுத்த முறை கவுஞ்சிப் பக்கம் போனால் படிக்கட்டு வயல்களைப் படம் எடுப்பதோடு திரும்பாதீர்கள். வயலில் குனிந்து நிற்பவரிடம் பேசுங்கள். கூலி எவ்வளவு, பட்டா யார் பேரில் என்று கேளுங்கள். மலையின் வரலாறு அங்கிருந்துதான் எழுதப்பட வேண்டும்.

ஜெய்பீம்.