பட்டம் எது, பெயர் எது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். தேநீர் கலக்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் பழைய மாணவர்கள் சிலர் மலேசியத் தமிழர்களைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைகள் எழுதி வருகிறார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: "ஐயா, தலைப்பில் துன், டான்ஸ்ரீ, டத்தோ எல்லாம் போட வேண்டுமா? போடாவிட்டால் மரியாதைக் குறைவு என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள்." கேள்வி சின்னதுதான். பதில் சொல்ல நம் நாட்டு வரலாற்றையே புரட்ட வேண்டியிருக்கிறது.

துன், டான்ஸ்ரீ இரண்டும் மாமன்னர் வழங்கும் கூட்டரசு விருதுகளோடு வருபவை. டத்தோ பட்டத்தை மாமன்னரும் தருவார், மாநில ஆட்சியாளர்களும் தருவார்கள். மாமன்னர் தருவதற்கும் சுல்தான்கள் தருவதற்கும் மலாயில் எழுத்துக்கூட்டல் வேறு. தமிழில் நாம் இரண்டையும் "டத்தோ" என்றே எழுதுகிறோம். ஆகவே எந்த மாநிலம், எந்த விருது என்று கட்டுரைக்குள் ஒரு வரி சொன்னால்தான் விவரம் முழுமையாகும்.

ஒரே சொல் எல்லாக் காலத்திலும் ஒரே பொருள் தராது. மலாக்கா சுல்தானகத்தின் பெண்டஹாரா துன் பேராக்கின் "துன்" அக்காலப் பிரபுக்களின் அடைமொழி. துன் அப்துல் ரசாக்கின் "துன்" விடுதலைக்குப் பின் வந்த விருது. மகாதீர் 1981இல் பிரதமரானபோது டத்தோஸ்ரீ. 2003இல் ஓய்வு பெற்றபோதுதான் துன் ஆனார். 1981இல் நடந்ததை எழுதும்போது "துன் மகாதீர்" என்று எழுதினால் காலம் குழம்பிவிடும்.

அப்படியானால் அடைமொழியை எல்லா இடத்திலும் வெட்டிவிடலாமா? அதுவும் ஆபத்து. 1957இல் நம் முதல் மாமன்னர் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரகுமான். முதல் பிரதமர் கெடாவின் துங்கு அப்துல் ரகுமான். அடைமொழியை நீக்கினால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். கோலாலம்பூரில் பழைய பத்து சாலைக்கு வைத்த பெயர் மாமன்னருடையது. அது பிரதமர் பெயர் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. துங்கு என்பது யாரும் கொடுத்த விருதன்று. அரச குடும்பத்தில் பிறந்ததால் வந்தது. ஆள் அடையாளத்துக்குத் தேவையானால் வைத்துக்கொள்ள வேண்டும்.

சீனர் பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் வரும். ம.சீ.ச.வின் முதல் தலைவர் துன் டான் செங் லொக்கின் குடும்பப் பெயர் "டான்". அதற்கும் டான்ஸ்ரீக்கும் சம்பந்தமில்லை. மலாய்க்காரர் பெயரில் "பின்", "பிந்தி"க்குப் பின்னால் வருவது தந்தை பெயர். அது குடும்பப் பெயர் அன்று. நம் "அ/லெ", "அ/பெ" இரண்டும் மகன், மகள் என்று மட்டுமே சொல்கின்றன. முழுப்பெயர் தரும் இடத்தில் ஒருமுறை எழுதினால் போதும்.

இனி நம் பெயர்களுக்கு வருவோம். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் சம்பந்தனின் சொந்தப் பெயர் திருஞானசம்பந்தன், தந்தை வீராசாமி. தமிழ் முறைப்படி வீ. தி. சம்பந்தன். ஆங்கில எழுத்துகளை ஒலிபெயர்த்து "வி. டி." என்று எழுதும்போது வீராசாமியும் போய்விடுகிறார், திருஞானமும் போய்விடுகிறது. தேவாரம் பாடிய பிள்ளையின் பெயர் அது என்று பேரப்பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

ஜானகி ஆதி நாகப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் பிறந்தவர். பதின்ம வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனவர். பின்னாளில் மேலவை உறுப்பினர். 2000இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. அவர் பெயருக்கு முன்னால் நாம் போடும் "புவான்ஸ்ரீ" கணவர் டான்ஸ்ரீ ஆனதால் வந்தது. (ஒரு பெண்மணி தாமே அந்த விருதைப் பெற்றால் அவரும் டான்ஸ்ரீதான்; கணவருக்கு ஒன்றும் கிடையாது!) படையில் இருந்தபோது அவர் ஜானகி தேவர். கட்டுரையில் அந்தப் பெயரையும் தராவிட்டால், அவர் துப்பாக்கி ஏந்திய ஆண்டுகளைத் தேடுகிறவருக்கு அவர் அகப்படவே மாட்டார்.

பட்டமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். எந்த அரண்மனையும் அவருக்கு விருது தரவில்லை. மக்கள் அவரை "மலாயா கணபதி" என்று அழைத்தார்கள். கோ. சாரங்கபாணிக்குத் "தமிழவேள்" என்பதும் தமிழர்கள் கொடுத்ததுதான். தலைப்பில் பட்டம் போடுவதை வழக்கமாக்கினால், பட்டம் இல்லாதவர் இரண்டாம் தரமாகத் தெரிவார். தலைப்பில் வெறும் பெயர் நிற்கும்போது துன் சம்பந்தனும் தூக்குமேடை ஏறிய கணபதியும் ஒரே வரிசையில் நிற்பார்கள். தலைப்பில் பட்டம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

ஆகவே நான் சொன்ன பதில் இது. தலைப்பில் பெயர் மட்டும். முதல் வரியில் பட்டத்தோடு முழுப்பெயரும், அவருக்குரிய மலாய் அல்லது சீன எழுத்து வடிவமும். விருதும் ஆண்டும் உள்ளே தனியாக. பிறகு கட்டுரை முழுக்க "அவர்", "ஆனார்", "எழுதினார்". தமிழில் மரியாதை வினைச்சொல்லிலேயே இருக்கிறது. பட்டத்தை வரிக்கு வரி தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

ஊர்ப்பெயருக்கும் இதே கவனம் வேண்டும். கிள்ளான், சிரம்பான், ஈப்போ என்று நம் மூத்தோர் எழுதிய வடிவங்களை மாற்றாதீர்கள். தெலுக் இந்தான் முன்பு தெலுக் ஆன்சன் என்றும் ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் பழைய கடிதத்திலுள்ள ஊர் எதுவென்று தெரியாது.

ஆசிரியராக இருந்த காலத்தில் வகுப்புப் பதிவேட்டில் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர்; மூவரின் பிறப்புப் பத்திரத்திலும் அப்பா பெயர் மூன்று விதம். முனுசாமி, மூன்சாமி, முனிசாமி. எழுதியவர் காதில் விழுந்தபடி ரூமி எழுத்தில் எழுதிவிட்டார். லட்சுமிகள் எல்லாம் "லெட்சுமி" ஆனதும் இப்படித்தான். இந்தப் பெரியவர்களுக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் கிடைக்காமல் போகலாம். நம் வீட்டு ஏட்டிலாவது அவர்கள் பெயர் சரியாக இருக்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். தாத்தா பாட்டியின் பழைய அடையாள அட்டையை எடுத்து, அதிலுள்ள ரூமிப் பெயரை அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் அவர்களை ஊரார் அழைத்த தமிழ்ப் பெயரையும் எழுதுங்கள். சரியான பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்