மலைப்பாதையும் மாணவர் பயணச் சலுகையும்

சேர்வராயன் கோயில் அமைந்துள்ள உச்சி, கடல் மட்டத்திலிருந்து 5,300 அடிக்கு மேற்பட்ட உயரம் உடையது. அங்கிருந்து ஏற்காட்டிற்கு இறங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் சேலம் வரும். மலையில் பிறந்த நம் பிள்ளை பட்டப்படிப்பு படிக்க வேண்டுமாயின் நாள்தோறும் இந்த வழியில் இறங்கி ஏற வேண்டும். அல்லது விடுதியில் தங்க வேண்டும். இறங்கி ஏறும் பிள்ளையின் சட்டைப்பையில் இன்று ஒரு பயண அட்டை இருக்கிறது. அதனை அரசு இட்ட தருமம் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். ‘ஓசிப் பயணம்’ என்று ஏளனம் செய்யும் நடத்துநர்களும் உளர். அந்த அட்டை எவ்வழியே நம் கைக்கு வந்தது என்பதை நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும்.

கட்டணத்தைக் குறைப்பது பற்றிய பேச்சு எழுவதற்கு வெகுகாலம் முன்பே, நம்மை ஏற்றிக்கொள்வதா வேண்டாமா என்ற வழக்கு இருந்தது. பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுக் கட்டடம் ஆகியவற்றில் தாழ்த்தப்பட்டோருக்குத் தடையில்லை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேறச் செய்தது 1924ஆம் ஆண்டில்தான். சாலையில் நடக்கவே தீர்மானம் வேண்டியிருந்த நாட்டில், அச்சாலையில் ஓடிய மோட்டார் வண்டி நமக்கு எளிதாகக் கிடைத்திருக்குமா? தென்மாவட்டங்களில் தனியார் பேருந்து முதலாளிகள் ஆதி திராவிடரை ஏற்ற மறுத்தனர். அக்காலத்தில் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்தவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார், 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஆதி திராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்து செய்யப்படும் என்று அவர் உத்தரவிட்டார். முதலாளிகள் பணிந்தனர். அவர்கள் மனம் மாறியதனால் பணிந்தார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. சாலை போர்டுக்கு உரியது. உரிமம் போர்டின் கையில் இருந்தது. பொதுச் சாலையில் வண்டியோட்டிப் பிழைப்பவன் பொதுமக்கள் அனைவரையும் ஏற்றியாக வேண்டும் என்ற கட்டாயத்தை உரிமத்தோடு சேர்த்து முடிந்து வைத்தார் அவர். பிற்காலத்தில் வந்த பயணச் சலுகைகள் யாவற்றிற்கும் வித்து இதுதான் என்பது என் துணிபு.

அதே 1929ஆம் ஆண்டில் சாலிஸ்காவ் என்னும் ஊரில் அண்ணல் அம்பேத்கருக்கு நேர்ந்ததையும் இங்கே நினைவுகூரலாம். அரசாங்கம் அமைத்த குழுவின் உறுப்பினராக, பாரிஸ்டர் பட்டத்தோடு சென்ற அவரை ஏற்றிச் செல்லக் குதிரை வண்டிக்காரர் எவரும் இசையவில்லை. நம்மவர் வாடகைக்கு வண்டியை வாங்கித் தாமே ஓட்டினர். பழக்கமில்லாத கையில் வண்டி சிக்கி, அண்ணல் தூக்கியெறியப்பட்டுக் காலில் முறிவு கண்டார்.

எம்.சி. ராஜா அவர்கள் முயற்சியால் 1938இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் போக்குவரத்து வசதியையும் தன் வரம்பில் கொண்டிருந்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், பொது ஊர்தியில் ஏறவிடாமல் தடுப்பதை நாடு முழுவதற்கும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஏறும் உரிமை இவ்வாறு கிட்டிற்று. ஆனால் கட்டணம் கொடுக்கக் காசு எங்கே?

ஏற்காட்டு மலையில் இக்கேள்வி மிகக் கடுமையானது. காப்பித் தோட்டங்களின் லயன்களில் வாழ்ந்த நம் குடும்பங்களுக்குக் கூலியே வாழ்வு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகள் 25 பேருக்கு மேலிருக்கும் தோட்டங்களில் முதலாளி கல்வி வசதி செய்து தருமாறு விதிக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. 12 வயதோடு முதலாளியின் கடமை முடிந்துவிட்டது. அதற்கு மேற்பட்ட படிப்பெல்லாம் சாலையையும் பேருந்தையும் நம்பியே இருந்தது.

மாணவர் கட்டணம் ஓர் அரசியல் வினாவாக எழுந்ததற்கு அண்டை மாநிலமான கேரளம் சான்று. 1958இல் குட்டநாட்டுப் படகுப் போக்குவரத்தை அரசு ஏற்றபோது, மாணவர் அதுவரை செலுத்திவந்த ஓரணா 10 காசாக உயர்த்தப்பட்டது. கிளர்ச்சி மூண்டது, ‘ஓரணா சமரம்’ என்று இன்றும் அதனைக் குறிப்பிடுவர். முடிவில் அரசு பழைய கட்டணத்திற்கே இறங்கி வந்தது. கிழக்கு வங்க மாணவர் 1969இல் முன்வைத்த பதினொரு கோரிக்கைகளிலும் பயணக் கட்டணச் சலுகை இடம்பெற்றது. 2021இல் டாக்கா மாணவர் அரைக்கட்டணத்திற்காக மீண்டும் தெருவில் இறங்க நேர்ந்தது. தனியார் பேருந்து மிகுந்த ஊரில் இக்கோரிக்கை எளிதில் தீராது என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

தமிழ்நாட்டில் வழி திறந்தது பேருந்துகள் அரசுடைமையானபோது. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன் முதலிய கழகங்கள் தோன்றின. 1973இல் சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம் தோன்றிற்று. முதலாளியே அரசு என்றான பின், சலுகை தருமாறு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆணையிட்டு, இழப்பை அரசுக் கருவூலத்திலிருந்து ஈடுசெய்தால் போதும். 1990களின் இறுதிக்குள் பள்ளி மாணவர் இலவசமாகச் செல்லும் நிலை வந்துவிட்டது. அரசுக் கலைக் கல்லூரி, அரசுப் பொறியியற் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ. மாணவர்க்கும் இலவசம். தனியார் கல்லூரி மாணவர்க்குப் பாதிக் கட்டணம். மேனாடுகளில் வேறு முறை உண்டு. 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலும், 2003இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் தொடங்கிய திட்டங்களில், மாணவர் அனைவரும் கட்டாயமாக ஒரு தொகையைக் கட்டணத்தோடு செலுத்திப் பயண அட்டை பெறுகின்றனர். நடந்தே வருபவனும் செலுத்த வேண்டும். அங்கே சுமையை மாணவர் பகிர்ந்துகொள்கின்றனர். இங்கே அரசு தாங்குகிறது. கூலிக்காரன் மகனுக்கு நம் முறையே மேலானது.

அரசுடைமையான பிறகும் சாதி பேருந்தை விட்டு இறங்கிவிடவில்லை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்திற்கு, கட்டபொம்மனின் படைவீரரும் நம் இனத்தவருமான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்பினர். கலவரமும் உயிரிழப்பும் நேர்ந்தன. அதே ஆண்டில் தலைவர்களின் பெயர்கள் எல்லாக் கழகங்களிலிருந்தும் நீக்கப்பட்டன. அண்ணா பெயரும் சேலத்தில் போயிற்று. நம்மை ஏற்ற மறுத்தவர் வழிவந்தோர், நம்மவர் பெயர் எழுதிய வண்டியில் தாம் ஏற மறுத்த விந்தையை வேறெந்த நாட்டு வரலாற்றில் காண்பது!

இனி, நம் மலைக்கு வருவோம். இலவச அட்டை அரசுப் பேருந்தில் மட்டுமே செல்லும். தனியார் பேருந்தில் அது வெறும் தாள். ஆகவே சலுகையின் உண்மையான அளவு, கல்லூரி மணியடிக்கும் நேரத்திற்கு முன் எத்தனை அரசுப் பேருந்துகள் மலையிறங்குகின்றன என்பதுதான். முதல் வண்டியைத் தவறவிட்ட மாணவனுக்கு அன்று முற்பகல் வகுப்பு இல்லை. வருகைப் பதிவு குறைந்தால் தேர்வும் இல்லை. மகளிர் கட்டணமில்லாப் பயணம் 2021இல் வந்தபோது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கே உரியதாயிருந்தது. மலைப்பகுதிகளில் அத்தகைய பேருந்து இல்லாமையால், நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை ஆகியவற்றுக்கு நீட்டிக்கும் அறிவிப்பு 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில்தான் வந்தது. சமவெளியை மனத்திற்கொண்டு எழுதப்படும் ஆணை மலைக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் ஆகின்றன. மே மாதக் கோடை விழாவிற்குச் சேலத்திலிருந்து சிறப்புப் பேருந்துகள் வரிசையாக ஏறுவதை நாம் காண்கிறோம். மலர்க்காட்சிக்குக் கிடைக்கும் வண்டி பாடவேளைக்கும் கிடைக்கலாமே என்று நம் சங்கம் கேட்பதில் தவறில்லை.

கேட்டால் பயன் உண்டு. 2025 மார்ச்சில் வாணியம்பாடியை அடுத்த ஒரு கிராமத்தில், பொதுத்தேர்வுக்குச் சென்ற மாணவி நிறுத்தத்தில் காத்திருக்க, பேருந்து நில்லாது போயிற்று. அவள் பின்னால் ஓடிய காட்சி வெளியானதும் ஓட்டுநர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நிறுத்தத்தில் நில்லாத பேருந்தின் எண், நேரம், வழித்தடம் ஆகியவற்றைக் குறித்துக் கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க நம் மாணவர் பழக வேண்டும். வாய்ச்சொல்லுக்குக் கோப்பில் இடமில்லை.

இறுதியாக இரு செய்திகள். கல்வியாண்டின் தொடக்கத்தில் புதிய அட்டை வரும்வரை, பழைய அட்டையையோ கல்லூரி அடையாள அட்டையையோ காட்டிப் பயணம் செய்ய அரசு ஆண்டுதோறும் அனுமதித்து வருகிறது. அட்டை வரவில்லை என்று எவரும் வீட்டில் தங்கிவிட வேண்டாம். சேலத்திற்கு அப்பால் தொலைவில் படிப்போர் சொந்த ஊருக்கு இரயிலில் வந்து திரும்புகையில், பொது மாணவர்க்கு இரண்டாம் வகுப்பில் 50 விழுக்காடும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்க்கு 75 விழுக்காடும் சலுகை உண்டு. அதற்குரிய படிவம் கல்லூரி அலுவலகத்தில் கிடைக்கும். முதல்வரின் ஒப்பமும் முத்திரையும் பெற்று, பயணச்சீட்டு வாங்கும்போது கொடுத்தல் வேண்டும்.