பானெட் திறந்த ஞாயிற்றுக்கிழமைகள்

கரமனை அக்கிரஹாரத்தைக் கட்டியவர்கள் காரை நினைத்துக் கட்டவில்லை. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர்; திண்ணையை விட்டு இறங்கினால் தெரு. எழுபதுகளில் அங்கே யாராவது கார் வாங்கினால் அது வெயிலோ மழையோ தெருவில்தான் நிற்கும். பழுது பார்ப்பதும் அங்கேயேதான். செய்கிறவர் ஒருவர், வேடிக்கை பார்க்கிறவர்கள் பத்துப் பேர், யோசனை சொல்கிறவர்கள் அதற்கும் மேல். திருவனந்தபுரத்துத் தமிழ்க் குமாஸ்தாக்கள் ஸ்பேனர் பிடிக்கக் கற்றதில் இந்தத் தெருவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

ஆசையால் கற்றவர்கள் குறைவு. வேறு வழி இல்லாததால் கற்றவர்களே அதிகம். இந்தியாவிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள கம்பெனிகளுக்குத்தான் இடம் என்று 1953-இல் டாரிஃப் கமிஷன் சொன்னது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. பிறகு சாதாரணக் குடும்பம் கனவு காணக்கூடிய கார்கள் மூன்றே: உத்தர்பாராவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், மெட்ராஸின் ஸ்டாண்டர்ட். ஃபியட்டுக்குப் பணம் கட்டியவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸ் சம்பளக்காரரான என் அப்பா காத்திருக்கவில்லை. கை மாறி வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்றை வாங்கினார். கே.எல்.டி. எண், வெளிறிப்போன நீல நிறம். வாங்கும் பணத்தை எப்படியோ புரட்டிவிட்டார். மாதாமாதம் ஒர்க் ஷாப்புக்கு அழ அவரிடம் காசில்லை.

கற்றுக்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் எப்படி வந்தார்கள் என்று சொல்ல 1938 வரை போகவேண்டும். அந்த வருஷம் பிப்ரவரி 20-ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசு பஸ் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் காலம். லண்டன் போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்ற வெள்ளைக்காரரைத் தலைமைக்கு அழைத்துவந்திருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து பெர்க்கின்ஸ் டீசல் என்ஜினுடன் கோமர் சேஸிஸ் அறுபது வந்து இறங்கின. பாடி கட்டியது மட்டும் இங்கே, சாக்கை ஒர்க் ஷாப்பில். அந்த ஒர்க் ஷாப்பிலும், பின்னாளில் பாப்பனங்கோட்டிலும் கை பழகிய ஃபிட்டர்களில் நாகர்கோவில் பக்கத்துத் தமிழர்கள் இருந்தார்கள். 1956 நவம்பர் வரை அதுவும் இதே ராஜ்யத்து மண்தானே. அவர்களில் ஒருவர் ரிட்டயர் ஆகிக் கரமனை ஆற்றங்கரைப் பக்கம் குடியிருந்தார். எங்களுக்கு அவர் அண்ணாச்சி.

ஹெரால்ட், கற்றுக்கொள்வதற்கென்றே செய்தது போன்ற கார். மற்ற கார்களில் மூடி மட்டும்தான் திறக்கும். இதில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முகப்பு முழுக்க முன்பக்கமாகச் சாயும். என்ஜின் மூன்று பக்கமும் வெட்டவெளி. முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். அப்பா ஒரு டயரில், அண்ணாச்சி எதிர் டயரில், நடுவில் பித்தளைத் தட்டில் நட்டும் வாஷரும்.

முதல் பாடம் முன் சக்கரத்தில். அதைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, மரை போட்டு ஒரு வெண்கலக் கூட்டுக்குள் இறங்கியிருக்கும். டிரனியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை கூட்டுக்குள் திரும்பும். அப்பா கிரீஸ் கன்னை எடுத்தார். அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாமி, இதுக்குக் கிரீஸ் வைக்கப்பிடாது. கியர் ஆயில்தான் விடணும், பாத்துக்கிடுங்க.”

“எல்லாத்துக்கும் கிரீஸ்தானே, அண்ணாச்சி?”

“கிரீஸு மரைக்குள்ள ஏறாது, ஓரத்துல கட்டிப்போவும். மழத்தண்ணி உள்ள போச்சுன்னா துரு புடிச்சு தண்டு முறிஞ்சிரும். ஓடுத வண்டியில சக்கரம் மடங்கிக்கிடும்.”

கம்பெனிக் கையேட்டிலும் அப்படியேதான் எழுதியிருந்தது. ஆனால் பழைய கார் வாங்குகிறவர் கைக்குக் கையேடு எங்கே வந்து சேர்கிறது? அன்று அண்ணாச்சி சொன்னதைத் தெருவே கேட்டது. பிறகு அந்தப் பக்கம் ஹெரால்ட் வாங்கியவர் யாரும் அங்கே கிரீஸ் வைக்கவில்லை.

அடுத்த பாடம் டெல்கோ. டிஸ்ட்ரிப்யூட்டருக்கு ஒர்க் ஷாப்பில் அதுதான் பெயர். உள்ளே பாயிண்ட் என்ற இரண்டு சின்ன உலோக முனைகள் தொட்டுத் தொட்டு விலகும். விலகும் நொடியில்தான் பிளக்கில் பொறி விழும். தீய்ந்துபோன முனைகளை எமரி பேப்பரால் தேய்த்து, இடைவெளியை 15 தௌ வைக்கவேண்டும். அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் 15 பங்கு, சுமார் 0.4 மில்லிமீட்டர். முனை முழுக்க விலகி நிற்கும் நிலைக்கு என்ஜினைக் கொண்டுவர, டாப் கியரில் போட்டுக் காரை அங்குலம் அங்குலமாகத் தள்ளுவது பையன்கள் வேலை. “போதும், நில்லு” என்று அப்பா கத்துவார். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாத வீட்டில் சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்துச் செருகினார்கள். தும்பாவில் ராக்கெட் வேலை பார்த்த எதிர்வீட்டுக்காரர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, தன் கேஜையே கொண்டுவந்து கொடுத்தார்.

இந்த ஊரில் இடவப்பாதிக்கு ஒரு மழைக்காலம், துலாவர்ஷத்துக்கு இன்னொன்று. போதாததற்குக் கடற்காற்று. மே மாதம் முடிவதற்குள் கார்க்காரர்களுக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும்: அடித்தகட்டில் பழைய என்ஜின் ஆயில் பூசுவது, பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியை வெந்நீர் விட்டுக் கழுவி வாஸ்லின் தடவுவது. ரேடியேட்டர் கசிந்தால் ஒரு கரண்டி மஞ்சள் தூள். பெட்ரோல் டாங்க் கசிந்தால் பார் சோப்பு. வெயிலில் பெட்ரோல் பம்ப் ஆவி கட்டிக்கொண்டால் ஈரத்துணி. எமரி பேப்பரும் ஹோஸ் கிளிப்பும் சாலைக் கம்போளத்தில் கிடைத்துவிடும். ஹெரால்ட் பாகம் என்றால் மெட்ராஸ் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குச் சொல்லி அனுப்பவேண்டும். அது வரும்வரைக்கும்தான் மஞ்சளும் சோப்பும்.

பாட்டிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. விபூதி பூசிய கையில் கரி ஆயில் என்றால் பின்னே? அப்பா மண்ணெண்ணெயில் கை கழுவி, கடலை மாவு தேய்த்து, கிணற்றடியில் குளித்த பிறகுதான் சமையல்கட்டுப் பக்கம் வரலாம். அண்ணாச்சிக்குத் திண்ணையோடு சரி; காபியும் அங்கேதான், தனி டம்ளரில். அப்பாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அவர் என்பது அந்த டம்ளரை மாற்றவில்லை. மேசை வேலைக்காரர் கையிலும் கிரீஸ் ஏறிய காலம் என்று பெருமைப்படும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தன் காரைத் தானே பழுது பார்க்கும் பழக்கம் சோம்பலால் போகவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சில வருஷங்களில் எங்கள் தெருவுக்குள்ளும் நுழைந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிற கார் அது. கிரீஸ் நிப்பிளைத் தேடி அடியில் படுக்கத் தேவையில்லை. 2000-க்குப் பிறகு புகைக் கட்டுப்பாடு இறுகி, கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. பாயிண்டும் டெல்கோவும் மறைந்தன. ஹெரால்ட் வம்சம் அதற்கு முன்பே, எழுபதுகளின் கடைசியில் கெசல் என்ற மாடலோடு முடிந்திருந்தது. 2014-இல் அம்பாசடரும் நின்றது. சாஸ்தமங்கலத்திலும் ஸ்ரீகாரியத்திலும் கேட்டும் போர்ட்டிகோவும் வைத்து வீடு கட்டிப் போனவர்கள் காரை உள்ளே நிறுத்தினார்கள். பானெட் திறந்தாலும் எட்டிப் பார்க்க ஆளில்லை.

பாயிண்ட் தேய்க்கத் தெரியாததால் இன்று யாருக்கும் நஷ்டமில்லை. தன் வண்டியில் என்ன பழுது என்று ஊகிக்கும் தைரியம் போனதுதான் நஷ்டம். அப்பாவும் பெரிய வேலைகளுக்கு ஒர்க் ஷாப்புக்குத்தான் போனார். ஆனால் அங்கே போய், “இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங், வால்வைப் பாருங்கள்” என்று சொல்வார். அப்படிப் பேசுகிறவரிடம் பில்லில் கூட்டி எழுத யாருக்கும் கை வராது.

இன்றைய காரிலும் நம் கைக்கு மிஞ்சியிருப்பவை சில உண்டு. டிப் ஸ்டிக்கை இழுத்து ஆயில் பார்ப்பது, என்ஜின் ஆறியபின் கூலன்ட் அளவு பார்ப்பது, டயர் காற்று, வைப்பர் ரப்பர், காற்று ஃபில்டர். இடவப்பாதிக்கு முன்னால், கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் துளைகளில் அடைத்த மாவிலைச் சருகை எடுப்பது. இதற்கு மேல் கை வைத்தால் வாரண்டி போகும். இதுகூடச் செய்யாவிட்டால் பில்லில் எழுதியதையெல்லாம் நம்ப வேண்டியிருக்கும்.