புள்ளலூர்ப் போர் வேறாக முடிந்திருந்தால்?

சரித்திரம் பயிலும் நம் இளைஞர், "அன்று அவ்வாறு நடவாதிருந்தால் இன்று நம் நாடு எந்நிலையில் இருக்கும்?" என்று வினவுவது இயல்பு. பெரியோர் சிலர் இதனை வீண் கற்பனை என்று ஒதுக்குவர். நாம் அங்ஙனம் கருதவில்லை. நடந்ததன் காரணத்தை நிறுத்துப் பார்ப்பதற்கு, நடவாததையும் தராசின் மறுதட்டில் இடவேண்டியிருக்கிறது. ஆயினும் இதற்கும் ஒரு வரம்பு உண்டு. மாற்றுவது ஒன்றாக இருத்தல் வேண்டும். அதுவும் அக்காலத்தார் கைக்கு எட்டியதாக இருத்தல் வேண்டும். பழைய போர்க்களத்தில் ஆகாய விமானத்தை இறக்குவது கதை; ஆற்றில் வெள்ளம் சில நாள் தாமதித்து வந்திருந்தால் என்று எண்ணுவது ஆராய்ச்சி.

இத்தகைய ஆராய்ச்சிக்கு நம் செங்கற்பட்டுச் சீமையே தக்க களம். காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் மகேந்திரவர்மன் பகைவரை முறியடித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறும். அப்பகைவர் சளுக்கியர் என்பது அறிஞர் பலரின் கொள்கை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அவ்வூரிலேயே மற்றொரு பெரும்போர் நிகழ்ந்தது.

1780-ஆம் ஆண்டில் ஐதர் அலி பெருஞ்சேனையோடு கர்நாடகச் சீமையில் இறங்கினார். கும்பினியாரின் சேனை இரண்டு கூறாக இருந்தது. ஜெனரல் ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் தங்கினார். (பின்னாளில் சென்னைக் கவர்னராயிருந்த தாமஸ் மன்றோ வேறொருவர்.) கர்னல் பெய்லி குண்டூரிலிருந்து அவருடன் சேர வந்தார். ஆகஸ்டு 25-ஆம் தேதி கொற்றலையாற்றங்கரையை அடைந்த பெய்லி, அன்றே கடவாமல் இக்கரையில் தங்கினார். அதற்குள் ஆறு பெருகிவிட்டது. செப்டம்பர் தொடக்கம் வரை அவர் அங்கேயே கிடந்தார். கடந்து வந்தவரைப் பெரம்பாக்கத்தில் திப்பு சுல்தான் தாக்கினார். செப்டம்பர் 10-ஆம் தேதி புள்ளலூரில் தந்தையும் மைந்தரும் ஒருங்கே வளைத்துக்கொண்டனர். மருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பெய்லியின் படை அழிந்தது. எஞ்சியோருடன் சிறைப்பட்ட பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மாண்டார். அவ்வூர்த் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போர்க்காட்சியை இன்றும் காணலாம்.

இவ்வெற்றியை மைசூரின் வாணங்களுக்கே உரியதாக்கிப் பேசுவோர் உளர். அவை வியக்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை. காகிதக் குழாயிலும் மூங்கிற் குழாயிலும் அடைத்த வாணம் சிறிது அழுத்தத்திலேயே பிளந்துவிடும். மைசூரார் இரும்புக் குழாயில் மருந்தை இறுக அடைத்தமையால் அது நெடுந்தூரம் பாய்ந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவ்வாணங்கள் சீமைக்குச் சென்றன. அவற்றைப் பார்த்துக் காங்கிரீவ் என்பவர் செய்த வாணங்கள் 1807-இல் கோபன்ஹேகன் நகரின்மீதும் 1814-இல் அமெரிக்காவின் பால்டிமோர்க் கோட்டையின்மீதும் பாய்ந்தன. எனினும் வாணம் குதிரையை மிரட்டும், எருதைக் கலைக்கும், வண்டியைக் கொளுத்தும். கோட்டை மதிலைப் பிளக்காது, பசித்த சேனைக்குச் சோறிடாது.

இனி நம் வினாவிற்கு வருவோம். பெய்லி முதல் நாளே ஆற்றைக் கடந்திருந்தால் இரு சேனைகளும் கூடியிருக்கும். புள்ளலூர் என்னும் பெயரே அப்போரின் வரலாற்றில் இராது. இது கும்பினியாருக்கு அநுகூலமான கற்பனை.

மறுபுறமும் நோக்குக. பெய்லியின் அழிவைக் கேட்ட மன்றோ, பெரும்பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துத் திருக்குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக் கோட்டையை நோக்கி விரைந்தார். ஏரி ஒருபுறம் காவலாயிருந்த அக்கோட்டையே அவருக்குப் புகலிடமாயிற்று. ஐதர் தம் சேனை முழுவதையும் அவ்வழியில் நிறுத்தியிருந்தால் சென்னையைக் காக்கச் சேனை ஏது? ஆனால் அவர் ஆர்க்காட்டு முற்றுகைக்குத் திரும்பினார். நாம் அவரைக் குறைகூற விரையலாகாது. ஜார்ஜ் கோட்டையை நிலவழியே வளைத்தாலும், கடல்வழியே அரிசியும் ஆளும் வந்துகொண்டே இருக்குமன்றோ?

ஆகவே முடிவு கடலிலேதான் இருந்தது. 1781-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கப்பற்படை இக்கரைக்கு வந்தது. ஆங்கிலத் தளபதி கூட் அப்போது கடலூரில் அரிசியின்றித் தவித்தார். நிலவழியை ஐதர் அடைத்திருந்தார். பிரெஞ்சுத் தளபதி தோர்வே கடல்வழியையும் அடைத்திருந்தால் கூட் பணிய நேர்ந்திருக்கும். ஐதர் வேண்டியும் அவர் பிப்ரவரியில் பாய்விரித்துச் சென்றுவிட்டார். மறு ஆண்டு பிப்ரவரி 17-ஆம் தேதி, மாமல்லபுரத்துக்குத் தெற்கேயுள்ள சதுரங்கப்பட்டினத்துக் கடலில் சுப்ரேன் ஆங்கிலக் கப்பல்களோடு பொருதார். அவரிடம் கப்பல்கள் மிகுதியாயிருந்தும், சில தலைவர்கள் நெருங்கிப் போரிடாமையால் முடிவு கிட்டவில்லை. சமயமும் தவறியிருந்தது. ஐதர் அவ்வாண்டு டிசம்பரில் காலமானார். 1784-இல் மங்களூர் உடன்படிக்கையோடு போர் ஓய்ந்தது.

நம் துணிபு இதுவே: இரும்பு வாணம் நம் நாட்டார் கையில் இருந்தது, கடல் அவர்கள் கையில் இல்லை. படைக்கலம் ஒன்றைக்கொண்டு மட்டும் சரித்திரத்தைத் திருப்பிவிடலாம் என்பது மயக்கம்.

நிற்க. இக்கற்பனைகள் அனைத்திலும் மாறாத ஒன்று உண்டு. எவர் வென்றாலும் வைக்கோலும் நெல்லும் எருதும் நம் ஊர்களிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கும். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்பவர் இச்சீமையின் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களை அளந்து, ஏரிகளையும் குடிகளையும் கணக்கெடுத்தார். அவ்வூர்கள் பல இப்போரிற் பாழாயின. எலும்புகளும் வெறுஞ்சுவர்களுமே எஞ்சிய இடங்கள் உண்டு என்று 1812-ஆம் ஆண்டின் பார்லிமெண்டு அறிக்கை கூறுகிறது. பஞ்சத்தால் சென்னைக்கு ஓடிவந்த ஏழைகளுக்கு 1782-இல் கஞ்சி வார்க்கத் தொடங்கிய இடமே பின்னர்க் கஞ்சித்தொட்டி எனப்பட்டது. போரை எண்ணிப் பார்க்கும் இளைஞர் பீரங்கிகளை எண்ணுவதோடு, இவ்வூர்களையும் எண்ணுதல் வேண்டும்.

நம் அன்பர் இல்லங்களில் பரண்மேல் கிடக்கும் பழைய ஓலைக் கணக்குகளைச் செல்லரிக்க விடாது காப்பது நம் கடமை. எந்த ஊர் எந்த ஆண்டில் தரிசாயிற்று, எந்த ஏரி எப்போது உடைந்தது, எந்தக் குடி எங்கிருந்து திரும்பி வந்தது என்பன அவற்றுள் இருக்கலாம். அவை அழிந்தபின், நம் முன்னோரைப்பற்றி எஞ்சுவது வெறுங் கற்பனையே.