கரிசலும் சாசனமும்: அலபாமாவில் 1901இன் பிடி

அலபாமா மாநிலத்தின் வறுமைக்கும் அரசியலுக்கும் நிலவியலில் விடை தேடும் வாதம் இன்று பரவலாகிவிட்டது. கிரெட்டேசியஸ் காலத்தில் மாநிலத்தின் தென்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடலின் நுண்ணுயிர் ஓடுகள் படிந்து சுண்ணப்பாறை ஆயின. பாறையின் மேல் கரிசல் உருவானது, கரிசலில் பருத்தி விளைந்தது, பருத்திக்காக அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். அவர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கேதான் வாழ்ந்து வாக்களிக்கிறார்கள். எனவே பண்டைக் கடற்கரையும் இன்றைய தேர்தல் வரைபடமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பது அந்த வாதம். பொருத்தம் உண்மைதான். ஆனால் பருத்தி வந்த கதையை மட்டுமே அது விளக்குகிறது. பருத்தி போன பிறகும் தோட்ட முதலாளிகளின் அதிகாரம் ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு மண்ணிடம் பதில் இல்லை. பதில் 1901இல் எழுதப்பட்ட மாநில அரசியலமைப்பில் இருக்கிறது.

நிலத்திலிருந்தே தொடங்கலாம். வடக்கே டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்கு. அதற்குத் தெற்கே அப்பலாச்சியன் மலைத்தொடரின் வால்பகுதி, 735 மீட்டர் உயரமுள்ள சியாஹா சிகரம். கூசாவும் டாலபூசாவும் மாண்ட்கமரிக்கு அருகே கூடி அலபாமா ஆறாகின்றன. அது டாம்பிக்பியோடு சேர்ந்து மொபில் விரிகுடாவை அடைகிறது. நடுவில், மாநிலத்தின் குறுக்கே கிழக்கு மேற்காக ஓடுவதுதான் பிளாக் பெல்ட் எனப்படும் கரிசல் பட்டை. பருத்திப் பொதிகளை மொபில் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல ஆறுகளே பாதையாக இருந்தன. ஆனால் இந்த நிலம் ஆளில்லாமல் கிடக்கவில்லை. 1814 மார்ச்சில் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் வென்றபின், ஜாக்சன் கோட்டை உடன்படிக்கை மூலம் பூர்வகுடிகளான கிரீக் மக்களிடமிருந்து ஏறத்தாழ 2.3 கோடி ஏக்கர் பறிக்கப்பட்டது. ஜாக்சனுக்குத் துணையாகப் போரிட்ட கிரீக்குகளின் நிலமும் அதில் போயிற்று. ஐந்தே ஆண்டுகளில், 1819இல், அலபாமா 22ஆவது மாநிலமானது. 1860 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 9,64,201. அவர்களில் 4,35,080 பேர் அடிமைகள். மண் வளமானது என்பதால் மட்டும் இப்படி ஒரு சமூகம் உருவாகிவிடாது. படை, உடன்படிக்கை, நிலப்பதிவு, அடிமைச் சட்டம் என ஒவ்வொரு படியிலும் அரசின் கை இருந்தது.

உள்நாட்டுப் போருக்குப் பின், 1868 அரசியலமைப்பின் கீழ் கறுப்பின ஆண்கள் வாக்களித்தனர், சட்டமன்றத்திலும் அமர்ந்தனர். 1875 அரசியலமைப்போடு அந்த அலை அடங்கியது. அதன்பின் நடந்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கரிசல் பட்டையின் கறுப்பின மக்கள் காகிதத்தில் வாக்காளர்களாகவே நீடித்தார்கள். அவர்கள் பெயரில் விழுந்த வாக்குகளை எண்ணியவர்களோ தோட்ட முதலாளிகளின் ஆட்கள். 1890களில் வடபகுதி மலைநாட்டு வெள்ளை உழவர்கள் ரூபன் கோல்ப் தலைமையில் திரண்டபோது, அவர்களைத் தோற்கடிக்க இந்தக் கள்ளக்கணக்கு கைகொடுத்தது. பிறகு அந்த முதலாளிகளே, மோசடி ஓய வேண்டுமானால் கறுப்பினத்தவரின் வாக்குரிமையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். திருடியவர்கள் திருட்டைத் தடுக்கப் பறிகொடுத்தவர்களின் உரிமையையே பறிக்கச் சொன்னார்கள்.

1901 மே மாதம் புதிய அரசியலமைப்பை எழுத மாண்ட்கமரியில் 155 பேர் கூடினார்கள். அத்தனை பேரும் வெள்ளை ஆண்கள். அவைத் தலைவர் ஜான் நாக்ஸ், கூட்டாட்சி அரசியலமைப்பு விதிக்கும் எல்லைக்குள் வெள்ளையர் மேலாதிக்கத்தை நிறுவுவதே நோக்கம் என்று தொடக்க உரையிலேயே ஒளிவுமறைவின்றி அறிவித்தார். எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி, ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி எனத் தடைகள் அடுக்கப்பட்டன. தலைவரி பாக்கி ஆண்டுக்காண்டு சேரும். 36 டாலர் வரை ஏறும். கூலிக்கு விவசாயம் செய்யும் குடும்பத்துக்கு அது எட்டாத தொகை.

இந்த அரசியலமைப்புச் சட்டம் ஏற்கப்பட்ட விதம் அதன் உள்ளடக்கத்தைவிடக் கூடுதலாகப் பேசுகிறது. நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 1,08,613, எதிர்ப்பு 81,734. கரிசல் பட்டையின் 12 கவுண்டிகளை (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளை) மட்டும் தனியே எடுத்தால் ஆதரவு 36,224, எதிர்ப்பு 5,471. மற்ற 54 கவுண்டிகளில் சட்டம் 72,389க்கு 76,263 என்று தோற்றிருக்கிறது. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த கவுண்டிகளே அவர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டத்துக்கு இத்தனை ஆதரவைத் தந்தன என்று எப்படி நம்புவது? பழைய கள்ளக்கணக்கு கடைசியாக ஒருமுறை பயன்பட்டது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

விளைவு உடனே தெரிந்தது. வாக்களிக்கும் வயதில் சுமார் 1,80,000 கறுப்பின ஆண்கள் இருந்த மாநிலத்தில், 1903 தொடக்கத்தில் பதிவுபெற்றவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. மாண்ட்கமரியைச் சேர்ந்த ஜாக்சன் ஜைல்ஸ் தன் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரித் தொடுத்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1903இல் தள்ளியது. பட்டியல் முழுவதுமே மோசடி என்றால் அதில் உங்கள் பெயரைச் சேர்ப்பதில் என்ன பயன் என்று நீதிபதி ஹோம்ஸ் தர்க்கம் பேசினார். அரசியல் அநீதிக்கு அரசியல் வழியிலேயே பரிகாரம் தேடும்படி, வாக்கே இல்லாதவர்களிடம் சொன்னார். காலப்போக்கில் ஏழை வெள்ளையர்களும் தலைவரியால் பெருந்திரளாக வாக்கை இழந்தார்கள். மலைநாட்டு உழவர்கள் அஞ்சியபடியே நடந்தது.

மண் வாதத்தைச் சோதித்துப் பார்க்கும் இடம் இதுதான். 1910இல் காய்க்கூன் வண்டு அலபாமாவுக்குள் நுழைந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் கரிசல் பட்டையில் பருத்தி சரிந்தது; வயல்கள் மேய்ச்சல் நிலமாகவும் மரக்காடாகவும் மாறின; கறுப்பினக் குடும்பங்கள் வடக்கே தொழில் நகரங்களுக்குப் போயின. 1871இல் பிறந்த பர்மிங்ஹாம், நிலக்கரியும் இரும்புத்தாதுவும் சுண்ணாம்புக்கல்லும் அருகருகே கிடைத்ததால் எஃகு நகரமாக வளர்ந்தது. மண் மட்டுமே அரசியலை ஆண்டிருந்தால் அதிகாரமும் வடக்கே நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுதிகளை மறுசீரமைக்க வேண்டும் என்று 1901 சட்டமே கூறியும், அறுபது ஆண்டுகளுக்கு மேல் சட்டமன்றம் அதைச் செய்யவில்லை. செய் என்று கட்டாயப்படுத்தக்கூடிய வாக்காளர்களை அதே சட்டம் வெளியே நிறுத்திவிட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த, பர்மிங்ஹாம் அடங்கிய ஜெஃபர்சன் கவுண்டிக்கு ஒரு மாநிலச் செனட்டர். 15,417 பேர் வாழ்ந்த லௌண்ட்ஸ் கவுண்டிக்கும் ஒரு செனட்டர். 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் தீர்ப்பு வந்த பிறகே இந்தச் சமமின்மை உடைந்தது. லௌண்ட்ஸின் அந்த 15,417 பேரில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. செனட்டர் யாருடைய பிரதிநிதியாக இருந்தார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பழியைக் கரிசல் முதலாளிகள் மீது மட்டும் சுமத்துவதும் சரியாகாது. பர்மிங்ஹாம் தொழிலதிபர்கள் அவர்களோடு கைகோத்தார்கள். இரு தரப்புக்கும் வேண்டியிருந்தது குறைந்த சொத்துவரி. 1901 சட்டம் வரிக்கு உச்சவரம்பு கட்டியது. 1965இன் வாக்குரிமைச் சட்டத்துக்குப் பின் கறுப்பின வாக்காளர்கள் உள்ளூர் அமைப்புகளைக் கைப்பற்றத் தொடங்கியதும், 1972, 1978 திருத்தங்கள் அந்த வரம்பை மேலும் இறுக்கின. விவசாய நிலத்துக்கும் காட்டு நிலத்துக்கும் மதிப்பில் 10 சதவீதத்துக்கு மட்டுமே வரி. மாநிலப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடு என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கவுண்டிகளுக்குத் தன்னாட்சியும் கிடையாது. ஒரு கவுண்டியில் பிங்கோ ஆட்டத்தை அனுமதிக்கவும் மாநில அரசியலமைப்பைத் திருத்த வேண்டியிருந்தது. அப்படித்தான் திருத்தங்கள் 950ஐத் தாண்டி, உலகின் மிக நீண்ட அரசியலமைப்புகளில் ஒன்றாக அது வீங்கியது.

இதன் பொருளை லௌண்ட்ஸ் கவுண்டியில் ஒரு வீட்டுக் கொல்லையில் பார்க்கலாம். சக்கரங்கள் மேல் வந்து இறங்கிய தகரவீடு. கழிவறையிலிருந்து ஒரு பிவிசி குழாய் நேராக மரங்களுக்கு நடுவே போய்த் திறந்த குழியில் முடிகிறது. பருத்தியை விளைவித்த அதே களிமண் நீரை உறிஞ்சாது. சாதாரண செப்டிக் டேங்க் மழைக்காலத்தில் நிரம்பி, கழிவு வீட்டுக்குள்ளேயே திரும்பும். அந்த மண்ணுக்கேற்ற அமைப்பின் விலையோ பல ஆயிரம் டாலர். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் சோதிக்கப்பட்ட 55 பேரில் மூன்றில் ஒருவருக்கு மேல் கொக்கிப்புழுத் தொற்றின் தடயம் இருந்தது. மண்ணைக் குறை சொல்வது இங்கே எளிது. ஆனால் களிமண் நிலத்தில் கழிவுநீரை அகற்றும் பொறியியல் எப்போதோ வந்துவிட்டது. அதற்குப் பணம் திரட்டும் அதிகாரம்தான் கவுண்டியிடம் இல்லை. நீண்ட காலம் மாநிலம் செய்தது, செப்டிக் டேங்க் இல்லாத வீட்டுக்காரர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. 2023இல் கூட்டாட்சி நீதி அமைச்சகம் மாநிலச் சுகாதாரத் துறையோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. 2025 ஏப்ரலில் அதுவும் கைவிடப்பட்டது.

1901 சட்டம் செத்துவிட்டது என்று சொல்பவர்களுக்கும் ஆதாரம் உண்டு. கலப்பு மணத் தடை 2000இல் வாக்கெடுப்பால் நீக்கப்பட்டது, அப்போதும் ஐந்தில் இருவர் எதிர்த்து வாக்களித்தார்கள் என்றாலும். கறுப்பின, வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனித்தனிப் பள்ளி என்ற விதியை நீக்கும் முயற்சிகள் 2004இலும் 2012இலும் தோற்று, கடைசியில் 2022இல் மறுதொகுக்கப்பட்ட அரசியலமைப்பு இனவெறிச் சொற்கள் அனைத்தையும் களைந்தது. இதைச் சிறிய செயல் என்று தள்ள மாட்டேன். ஆனால் தொகுத்தவர்களுக்குத் தரப்பட்ட அதிகாரம் சொற்களைக் களைவது, செல்லாத விதிகளை நீக்குவது, உள்ளூர்த் திருத்தங்களைக் கவுண்டிவாரியாக அடுக்குவது போன்றவற்றோடு நின்றது. வரி உச்சவரம்பைத் தொட அவர்களுக்கு அனுமதி இல்லை. லௌண்ட்ஸ் கவுண்டி தன் சொத்துவரியை உச்சவரம்புக்கு மேல் உயர்த்த விரும்பினால், பொது விசாரணை நடத்தி, மாண்ட்கமரியில் சட்டமன்றத்தின் ஒப்புதல் பெற்று, அதன்பின் உள்ளூர் வாக்கெடுப்பிலும் வெல்ல வேண்டும்.