ருஃபைதா: நாம் மறந்த ஒரு பெயர்

  

ஒரு பெண் குழந்தை பிறந்துவிட்டால் வீட்டில் எழும் முதற் கேள்வி, என்ன பெயர் சூட்டுவது என்பதேயாகும். காரைதீவுப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள மாளிகைக்காடு, மாவடிப்பள்ளி ஆகிய ஊர்களிலும், அயலிலுள்ள சாய்ந்தமருது, நிந்தவூர், கல்முனை ஆகிய ஊர்களிலும் நமது முன்னோர் இக்கேள்விக்கு எளிதாக விடை கண்டனர். கதீஜா உம்மா, ஆயிஷா உம்மா, ஆமினா உம்மா, மரியம் பீவி என்று, நபிகளார் (ஸல்) அவர்களின் குடும்பத்துப் பெயர்களையும் அல்குர்ஆன் போற்றும் பெண்களின் பெயர்களையும் சூட்டி மகிழ்ந்தனர். பிற்காலத்தில் 'பாத்திமா' என்பதை முன்னே வைத்து, அதன்பின் புதியதொரு பெயரைச் சேர்க்கும் வழக்கம் பரவியது. இன்றோ, அந்தப் புதிய பெயர் காதுக்கு இனிமையாக ஒலிக்கின்றதா என்பதே பல வீடுகளில் முதலில் பார்க்கப்படுகின்றது. பொருள் என்ன, அதைத் தாங்கியவர் யார் என்னும் கேள்விகள் பின்னுக்குச் செல்கின்றன.

இந்நிலையில், நம்மிடையே அரிதாகவே கேட்கும் ஒரு பெயரை உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். அது 'ருஃபைதா' என்பதாகும்.

இப்பெயரைக் கேட்பவர்களுள் சிலர், நமக்கு நன்கு பழக்கமான 'ஸுபைதா' என்ற பெயரைத்தான் தவறாக உச்சரிக்கின்றார்கள் என்று எண்ணக்கூடும். இரண்டும் ஒரே ஓசை அமைப்பில் அமைந்த வெவ்வேறு பெயர்களாகும். ஸுபைதா என்பது, பாலின் சாரமான வெண்ணெயைக் குறிக்கும் 'ஸுப்தா' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் மனைவியும், ஹாஜிகளின் தாகம் தீர்க்க மக்காவுக்கு நீர்க்கால்வாய் அமைத்தவருமான ஸுபைதா அம்மையாரால் அப்பெயர் முஸ்லிம் உலகெங்கும் புகழ் பெற்றது.

ருஃபைதா என்பதோ 'ரிஃப்து' என்ற சொல்லின் வழி வந்தது. உதவி, கொடை, தாங்குதல் என்பன அதன் பொருளாகும். அரபு மொழியில் ஒரு சொல்லை அன்பு தோன்றச் சிறிதாக்கி அழைக்கும் முறை உண்டு. அம்முறையில் அமைந்த இப்பெயருக்கு, 'சின்னஞ்சிறு உதவி', 'அருமையான சிறு கொடை' என்று பொருள் கொள்ளலாம். பெரிய ஆற்றுக்கு நீர் கொண்டுவந்து சேர்க்கும் கிளையாற்றையும் இதே வேரிலிருந்து பிறந்த 'ராஃபித்' என்ற சொல்லால் அரபியர் அழைக்கின்றனர். யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆகிய இரு நதிகளும் பாயும் ஈராக்குக்கு 'பிலாதுர் ராஃபிதைன்' என்ற பெயர் வழங்குவதும் இதனாலேயாகும்.

இனி, இப்பெயரைத் தாங்கிய பெண்மணி யார் என்று பார்ப்போம்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 627இல், மதீனா நகரம் எதிரிகளால் முற்றுகையிடப்பட்டது. அகழ்ப்போர் என நாம் அறிந்த அப்போரில், அன்சாரிகளின் தலைவர்களுள் ஒருவரான ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு தைத்து, முக்கிய இரத்தநாளம் அறுந்தது. நபிகளார் (ஸல்) அவர்கள், தாம் அருகிலிருந்து அடிக்கடி நலம் விசாரிப்பதற்கு வசதியாக, அவரைப் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதாவின் கூடாரத்தில் சேர்க்குமாறு பணித்தார்கள். இப்னு இஸ்ஹாக் அவர்களின் சீறா நூல் இச்செய்தியைத் தருகின்றது. காலையிலும் மாலையிலும் அவ்வழியே செல்லும்போதெல்லாம் நபிகளார் அவரிடம் சுகம் விசாரித்ததை இமாம் புகாரி அவர்கள் 'அல்-அதபுல் முஃப்ரத்' என்னும் தமது நூலில் பதிவு செய்துள்ளார்கள்.

அப்பெண்மணி காயமுற்றோருக்கு மருந்திட்டார். கவனிக்க ஆளில்லாத முஸ்லிம்களுக்கு, அல்லாஹ்விடம் மட்டுமே கூலியை எதிர்பார்த்துப் பணி புரிந்தார். அன்சாரிப் பெண் என்றும் அஸ்லம் கோத்திரத்தவர் என்றும் அவர் குறிப்பிடப்படுகின்றார். இப்னு ஸஅத் அவர்கள் தமது நூலில், பள்ளிவாசலில் கூடாரம் வைத்து நோயாளிகளைக் கவனித்த குஐபா பின்த் ஸஅத் என்ற அஸ்லம் கோத்திரப் பெண்ணைப் பற்றிக் கூறுகின்றார்கள். இருவரும் ஒருவரே என்போரும் உளர். வெவ்வேறானவர் என்போரும் உளர். பழைய நூல்கள் அவரைப் பற்றித் தருபவை சில வரிகளே. அவ்வரிகளே நமக்குப் போதுமானவை.

இங்கே இரண்டு விடயங்களைச் சிந்தியுங்கள். முதலாவது, நோயாளிகளைக் கவனிக்கும் கூடாரம் பள்ளிவாசலின் எல்லைக்குள்ளேயே இருந்தது. தொழுகையும் நோயாளிக்கான பணியும் ஒரே இடத்தில் நிகழ்ந்தன. இரண்டாவது, ஸஅத் (ரலி) அவர்கள் பின்னர் அக்காயத்தாலேயே வபாத்தானார்கள். ருஃபைதாவின் கைகளால் அவ்வுயிரைக் காப்பாற்ற இயலவில்லை. எனினும் வரலாறு அவர் பெயரை அழித்துவிடவில்லை. ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது. அருகிருந்து கவனிப்பதே மனிதரின் கடமை என்பதை அக்கூடாரம் நமக்குக் கற்பிக்கின்றது.

அவர் தனியொருவரும் அல்லர். நபிகளாருடன் போர்க்களம் சென்று, வீரர்களுக்கு நீர் புகட்டியும் காயமுற்றோரைக் கவனித்தும் வந்த ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி), உம்மு அதிய்யா (ரலி) ஆகியோரின் செய்திகளும் ஹதீஸ் நூல்களில் உள்ளன.

அப்படியாயின், இத்தகைய பெருமை வாய்ந்த பெயர் ஏன் அரிதாயிற்று? இதற்கு விடை காண வேறொரு பெயரின் வரலாற்றை நோக்குவோம்.

1820ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஆங்கிலேயத் தம்பதியருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த நகரின் பெயரையே குழந்தைக்குச் சூட்டினர். அக்காலத்து இங்கிலாந்தில் 'புளோரன்ஸ்' என்பது பெண்களுக்கு அரிதாகவே வைக்கப்பட்ட பெயர். அக்குழந்தையே புளோரன்ஸ் நைட்டிங்கேல் ஆவார். 1854இல் கிரிமியப் போரின்போது 38 தாதியருடன் அவர் துருக்கி சென்று, இஸ்தான்பூலை அடுத்த ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையில் காயமுற்றோரைக் கவனித்தார். அவரது புகழ் பரவியதும், ஆங்கிலம் பேசும் நாடுகளில் எண்ணற்ற பெற்றோர் தம் பெண் குழந்தைகளுக்குப் புளோரன்ஸ் என்று பெயரிட்டனர். அரிய பெயர் ஒரு தலைமுறைக்குள் வீட்டுக்கு வீடு கேட்கும் பெயராயிற்று. அவர் பிறந்த மே 12ஆம் நாள் இன்று சர்வதேச தாதியர் தினமாகும்.

நம் அயலிலும் இதற்குச் சான்று உண்டு. 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் என்பவர், 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். தமிழுக்கும் கல்விக்கும் அவர் ஆற்றிய பணியாலேயே அப்பெயரைத் தமிழுலகம் அறியும். பெயர் மனிதரை உயர்த்துவதில்லை. மனிதரின் பணியே பெயரை உயர்த்துகின்றது.

நைட்டிங்கேலுக்கு 1,200 ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவர் ருஃபைதா. எனினும் அவர் பெயர் அரிதாகவே நின்றது. காரணம் பெயரின் குறையன்று. அவருடைய வரலாற்றை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அவருடைய பணியை நம் பெண்களுக்குரிய பணியாகப் போற்றவுமில்லை. இந்நிலை சில இடங்களில் மாறத் தொடங்கியுள்ளது. தில்லியிலுள்ள ஜாமியா ஹம்தர்தில் ருஃபைதாவின் பெயரில் தாதியர் கல்லூரியொன்று உருவானது. பஹ்ரைனிலுள்ள அயர்லாந்து வைத்தியப் பல்கலைக்கழகம், தாதியியல் கற்கும் மாணவர்க்கு அவர் பெயரால் பரிசு வழங்குகின்றது.

நமது நிலை என்ன? 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவு கொண்டது. நாட்டின் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை உயிர்கள் போகவில்லை. காரைதீவும் சாய்ந்தமருதும் கல்முனையும் மருதமுனையும் ஒரே அலையில் அழுதன. அந்நாட்களில் ஒரு தாதியின் கை எத்துணைப் பெரிய அருட்கொடை என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். தமிழரென்றும் முஸ்லிமென்றும் காயம் பேதம் பார்க்கவில்லை.

ஆயினும், "என் மகள் டொக்டராக வேண்டும்" என்று பெருமையோடு கூறும் நாம், அதே மகள் தாதியாக விரும்புகின்றேன் என்றால் முகம் சுளிக்கின்றோம். இரவுக் கடமை, ஆடை, ஊராரின் பேச்சு என்று தடைகளை அடுக்குகின்றோம். கவலைகளில் நியாயமானவையும் உண்டு. அவற்றைப் பேசித் தீர்க்கலாம். ஆனால் நம் உம்மாவோ சகோதரியோ நோயுற்று வைத்தியசாலையில் கிடக்கும்போது, ஒரு பெண் தாதி வந்து கவனிக்க மாட்டாரா என்று ஏங்குபவர்களும் நாமே. நம் வீட்டுக்குத் தேவையான பணியை மற்றவர் வீட்டுப் பிள்ளை செய்யட்டும் என்பது எவ்வகையில் நீதி?

பெற்றோர்களே! பெயர் சூட்டுமுன் அதன் அரபு எழுத்தையும் பொருளையும் அறிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் 'ஆஸியா' என்று எழுதினால், ஃபிர்அவ்னின் மனைவியான நல்லடியாரின் பெயரும் அதுவே. 'மாறு செய்பவள்' என்னும் பொருள் தரும் வேறொரு சொல்லும் ஏறத்தாழ அவ்வாறே ஒலிக்கும். அந்த இரண்டாவது பெயரைத்தான் நபிகளார் (ஸல்) அவர்கள் 'ஜமீலா' என்று மாற்றினார்கள். பிறப்புப் பதிவின்போதும் கவனம் தேவை. ஆய்த எழுத்தின்றி 'ருபைதா' என எழுதினால் ஓசை மாறிவிடும். பதிவில் நேரும் சிறு பிழையும் அடையாள அட்டை வரை பிள்ளையைத் தொடரும்.

பெயர் சூட்டியதோடு கடமை முடிந்துவிடுவதுமில்லை. அப்பெயருக்குரியவரின் வரலாற்றைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். இளம் சகோதரிகளே! உங்கள் பெயர் எதுவாயினும், ருஃபைதாவின் கூடாரத்தில் உங்களுக்கும் இடமுண்டு. உதவி என்பதே அப்பெயரின் பொருள். அதற்குத் தகுதி பெறுவதற்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் தேவையில்லை.

நம் பிள்ளைகளை நற்பெயருக்கும் நற்பணிக்கும் உரியவர்களாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.