புளிப்புத் தேடல்

பாஸ்கா விழாவுக்கு முந்தைய இரவில், வீட்டில் புளித்த மாவுப் பண்டம் எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று யூதர்கள் விளக்கொளியில் தேடும் சடங்கு புளிப்புத் தேடல். எபிரேயத்தில் இதைப் பெதிக்காத் ஹாமெட்ஸ் என்பார்கள். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து இஸ்ரவேலர் வெளியேறியதை நினைவுகூரும் பாஸ்கா, நீசான் மாதம் 15ஆம் நாள் தொடங்குகிறது. இஸ்ரேலில் 7 நாள், பிற நாடுகளில் பெரும்பாலும் 8 நாள் நடக்கிறது. கோதுமை, வாற்கோதுமை, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்தில் எதன் மாவும் தண்ணீர் பட்டுப் பிசையாமல் 18 நிமிடம் கிடந்தால் புளித்ததாகக் கணக்கு. யூதர்களுக்கு என்றும் விலக்கான பன்றி இறைச்சியைக்கூட உண்ணத்தான் தடை. புளிப்போ இந்த நாள்களில் வீட்டிலேயே இருக்கக் கூடாது.

நீசான் 14ஆம் நாள் பிறக்கும் மாலையில், இருட்டியதும் தேடல் தொடங்கும். (யூத நாள் மாலையில் பிறக்கிறது.) கையில் ஒரு மெழுகுவத்தி, நொறுக்குகளைக் கூட்டி எடுக்க ஒரு பறவை இறகு, அள்ளி வைக்க ஒரு மரக்கரண்டி. ஆசிமொழி சொன்ன பிறகு, தேடலுக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேச்சு கிடையாது. நாள்கணக்கில் தேய்த்துக் கழுவிய வீட்டில் என்ன கிடைத்துவிடப் போகிறது? அதனால் 10 ரொட்டித் துண்டுகளைத் தாளில் சுற்றி முன்கூட்டியே ஒளித்து வைப்பது பல குடும்பங்களின் வழக்கம். துண்டுகளை ஒளிக்கும் பழக்கத்தை 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் வாழ்ந்த ரபி மோசே இஸ்ஸர்லஸ் பதிவு செய்தார். ஒளிக்காவிட்டாலும் குறையில்லை என்று அவரே சேர்த்தும் எழுதினார். கிடைத்ததை மறுநாள் காலையில் எரித்துவிடுவார்கள்.

எந்த வெளிச்சத்தில் தேடுவது என்பதை யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத் நீளமாக ஆராய்கிறது. வெயிலும் நிலவும் போதாது. தீப்பந்தம் கூடவே கூடாது: அது சந்து பொந்துக்குள் நுழையாது, பிடித்திருப்பவரும் எங்கே தீப்பற்றுமோ என்ற பயத்திலேயே இருப்பார். சிறிய சுடர்தான் வேண்டும். இதற்கு ஆதாரம் காட்டும்போது, மனிதனின் ஆவியை அவன் உள்ளறைகளைத் துருவும் இறைவனின் விளக்காகச் சொல்லும் நீதிமொழிகள் 20:27ஐயும் அறிஞர்கள் எடுத்தாள்கிறார்கள். மாடத்தைத் துழாவும் கை மனத்தையும் துழாவ வேண்டும் என்ற பிற்கால விளக்கங்களுக்கு இந்த வசனம் வழிவிட்டது.

தேடலுக்கு எல்லையும் உண்டு. தேடி முடித்த அறைக்குள் மரநாய் போன்ற பிராணி ரொட்டியை இழுத்து வந்திருக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை என்கிறது தல்மூதின் மூலச் சட்டநூலான மிஷ்னா. அப்படி அஞ்சினால் வீடு வீடாக, ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். தேடல் முடிந்ததும், தன் கண்ணுக்குத் தப்பிய புளிப்பெல்லாம் செல்லாமல் போய் மண்புழுதிக்குச் சமமாகட்டும் என்று வீட்டுக்காரர் அரமேய மொழியில் அறிவிக்கிறார். காலையில் எரித்த பிறகு, கண்டது காணாதது எல்லாவற்றையும் சேர்த்து மீண்டும் ஒருமுறை கைவிடுகிறார். இந்தச் சடங்கின் பணிவு இங்கேதான் இருக்கிறது: முழுமையாகத் தேடிவிட்டதாக யாரும் சாதிப்பதில்லை.

புளிப்பை மனத்தின் தீய நாட்டமாகக் கொள்ளும் வழக்கம் பழையது. மாவில் உள்ள புளிப்பு இறைச்சித்தம் செய்யவிடாமல் தடுக்கிறது என்று ரபி அலெக்சாந்திரி வேண்டியதாகத் தல்மூத் குறிக்கிறது. பிற உணவுத் தடைகளில் இல்லாத கெடுபிடி புளிப்புக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு, எகிப்தில் வாழ்ந்த ரபி தாவீது இப்னு சிம்ரா இதே உருவகத்தை விடையாகத் தந்தார். ஹசிதியம் என்ற யூதப் பக்தி இயக்கத்தின் ஆசிரியர்களுக்கு உப்பும் மாவு தற்பெருமை, புளிக்காத தட்டையான மட்சா அப்பம் தாழ்மை. ஆனால் புளிப்பு எக்காலத்துக்கும் விலக்கானதல்ல. ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே விழாவில் புளித்த அப்பம் இரண்டைப் படைக்கச் சொல்கிறது லேவியர் நூல்.

19ஆம் நூற்றாண்டு லித்துவேனியாவில், தன்னை ஆராய்வதையே ஒழுக்கப் பயிற்சியாக்கிய முசார் இயக்கத்தை ரபி இஸ்ரவேல் சலாந்தர் தொடங்கினார். மட்சா சுடுமிடத்தை மேற்பார்வையிடக் கிளம்பிய சீடர்கள், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டார்களாம். அங்கே மாவு பிசைபவள் விதவை, அவசரப்படுத்தி அவள் மேல் கத்திவிடாதீர்கள் என்றாராம் அவர். கர்ணபரம்பரைக் கதைதான்; ஆனால் பேணுதல் மிகுந்த வீடுகளிலேயே பெண்கள் பாஸ்காவுக்குள் களைத்துச் சாய்வதை அறிந்தவர்களிடையே வழங்கும் கதை.

கிறித்தவத்தில் புளிப்பு என்ற உருவகத்தைத் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், 5ஆம் அதிகாரத்தில் கையாளுகிறார். அங்கும் கண்டிக்கப்படுவது சபையாரின் பெருமையடித்தல். அப்பத்தை உண்ணுமுன் ஒவ்வொருவரும் தன்னைச் சோதித்தறிய வேண்டும் என்று அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. ஹெர்பர்ட் ஆம்ஸ்டிராங் 1930களில் அமெரிக்காவில் தொடங்கிய கிறித்தவ சபையில் வீட்டைப் புளிப்பறச் சுத்தம் செய்வதும், பாஸ்கா இரவில் ஒருவர் காலை ஒருவர் கழுவுவதும் வழக்கமாக இருந்தன; அதிலிருந்து பிரிந்த கிளைகள் பலவற்றில் இவை இன்றும் உண்டு.